யார் தந்த சீடி

மூதூர்
9.3.2006

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் றுக்கியாவும் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கு எப்போதும் துஆச் செய்கிறோம். றுக்கியாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாப்பாவுக்கு அனுப்பு என்று கடதாசியில் சுற்றித் தந்தாள். கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிறவன் பயந்துவிடுவான் என்று நான் எடுத்து வைத்துவிட்டேன்.

இதைப் போனில் சொல்லலாம். ஆனால் நீங்கள் எடுக்கும்போது உம்மா ஒரு பக்கம், உங்கள் ராத்தா ஒரு பக்கம். என் முறை வரும்போது கார்ட் முடிந்துவிடுகிறது. ஆகவே எழுதுகிறேன்.

முன்னறையில் நான் டைப் அடித்துக் கொடுக்கிற கடையின் கம்பியூட்டர் படுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற சேர் ஒருவர் பரீட்சைத்தாள் அடிக்கக் கொண்டுவந்த பென்டிரைவில் வைரஸ் இருந்திருக்கிறது. அன்று மாலையே ஒரு கோப்பும் திறக்கவில்லை. தாஹிர் முதலாளியின் மகளுடைய கல்யாணக் கார்ட் முழுக்கப் போய்விட்டது. உள்ளே இருப்பதை மூன்றாம் தடவையாக அழித்துக் கழுவி விண்டோஸைப் புதிதாகப் போடவேண்டும். டவுனில் வாங்கின அந்தக் கள்ள விண்டோஸ் சீடியும் கீறு விழுந்து பாதியில் நிற்கிறது.

உம்மாவைப் பார்க்கக் கிண்ணியாவிலிருந்து மஹ்ரூப் நானா வந்திருந்தார். மாமாவின் மகன்தானே, உங்களுக்குத் தெரியும். கொழும்பில் கம்பியூட்டர் படித்துவிட்டு இப்போது ஊரில் வகுப்பு நடத்துகிறார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கள்ளச் சீடியப் போட்டுப் போட்டுக் கழுவி எத்தின நாளைக்குப் புள்ள? இனாமா வாற சீடி ஒண்டு இரிக்கி. உபுண்டு எண்டு பேர். வைரஸ் லேசில வராது. எழுதிப் போட்டா வெளிநாட்டில இரிந்து தபால்ல அனுப்புவாங்க. நான் எடுப்பிச்சுத் தாறன்."

விண்டோஸுக்குப் பதில் வேறொன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கம்பியூட்டர் என்றால் விண்டோஸ் என்று நினைத்திருந்தேன். அதைப் போடலாமா, என்னைப் போலப் புதிதாகப் பழகுகிறவளுக்கு அது சரிவருமா? உங்களைக் கேட்காமல் நான் ஒன்றும் செய்யவில்லை. பதில் போடுங்கள். கடை மூடியபடி இருக்கிறது.

இப்படிக்கு,
ரபீக்கா


தோஹா
25.3.2006

அன்பின் ரபீக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. பல்லைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அந்தக் கம்பியூட்டரை நான் இங்கே ஸ்டோரில் வெயிலில் நின்று உழைத்து வாங்கினேன். கப்பலில் போட்டு, துறைமுகத்தில் காத்திருந்து எடுத்து, லோஞ்ச் படகில் மடியில் வைத்துக்கொண்டு மூதூருக்குக் கொண்டுவந்தேன். நான்தான் வயர் பூட்டினேன். அதைத் திறக்க மஹ்ரூப் யார்?

அண்ணனைச் சொல்வதுபோல நானா என்று எழுதியிருக்கிறாய். மாமாவின் மகன் என்றால் முறைக்கு மச்சான். சின்ன வயதில் நீ அவனை மச்சான் என்றுதான் கூப்பிட்டாய் என்று உன்னுடைய உம்மாவே எனக்குச் சொல்லியிருக்கிறா. என்னுடைய கல்யாணப் பேச்சு வருமுன் அந்த வீட்டில் யாருடைய பேச்சு இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். அவன் இன்னும் கல்யாணம் முடிக்கவில்லை என்பதும் தெரியும்.

பரீதா ராத்தா நேற்று போன் எடுத்தா. அவனுடைய மோட்டார்சைக்கிள் அஸர் தொழுகைக்கு வந்து மஃரிப் தொழுகைக்குப் போனதாம். ஒரு பெட்டியைத் திறந்து பார்க்க அவ்வளவு நேரமா?

நீ ஒன்றும் செய்யாதே. எங்கள் ஒஃபிசில் லூர்தெஸ் என்று ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை கம்பியூட்டர் வேலை பார்க்கிறாள். நல்ல கெட்டிக்காரி. அவளிடம் கேட்டு எது நல்லதென்று நான் எழுதுகிறேன். அதுவரை கடை மூடிக்கிடந்தால் கிடக்கட்டும்.

அஸீம்


மூதூர்
16.4.2006

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மோட்டார்சைக்கிள் நின்ற நேரத்தைச் சொன்ன மதினி, உங்கள் ராத்தா, வாசல் கதவு இரண்டும் திறந்து கிடந்ததையும், உம்மா கதிரையைப் போட்டுக்கொண்டு கம்பியூட்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்ததையும், றுக்கியா மஹ்ரூப் நானாவின் முதுகில் ஏறியிருந்ததையும் சொல்லவில்லையா? பெட்டியில் பாதி நேரம் தூசு தட்டினார். அந்தத் தூசு உங்கள் தோஹாவின் தூசுதான். நீங்கள் கொண்டுவந்ததிலிருந்து யாரும் தட்டவில்லை.

நானா என்று கூப்பிடச் சொன்னது நீங்கள். கல்யாணம் முடித்த அடுத்த நாள், "இனி மச்சான் எண்டு என்ன மட்டும்தான் கூப்பிடணும்" என்று சொன்னீர்கள். அன்றிலிருந்து அப்படித்தான்.

சீடி வந்துவிட்டது. ஒன்று கேட்டால் ஒரு கட்டாக அனுப்பியிருக்கிறார்கள், தபால் செலவும் இல்லாமல். மஹ்ரூப் நானா கிண்ணியாவிலிருந்து கொண்டுவரும்போது சென்றிச் சோதனையில் ஆமிக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "படமா?" என்று கேட்டாராம். "கம்பியூட்டருக்கு உயிர் குடுக்கிற சீடி" என்று இவர் சொன்னதும், மருந்து என்று நினைத்தாரோ என்னவோ, விட்டுவிட்டார்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. கம்பியூட்டரில் எதையும் அழிக்காமல் சீடியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். நான் ஓட்டிப் பார்த்தேன். மண்ணிறத் திரை, மேலே ஒரு பட்டி, கீழே ஒரு பட்டி. எழுதுவதற்கு ஒன்று உள்ளேயே இருக்கிறது. ஆனால் ஆமை. திரையில் ஒரு பெட்டியைத் திறக்கக் கேட்டுவிட்டுக் குசினிக்குப் போய் உலையைப் பார்த்துவிட்டு வரலாம். சீடியிலிருந்து ஓடுவதால் அப்படித்தான் இருக்கும், உள்ளே போட்டால் விரைவாகும் என்கிறார் அவர். எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆகவே உள்ளே போடவில்லை.

உங்கள் லூர்தெஸ் கெட்டிக்காரி என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளை என்றும் எழுதியிருந்தீர்கள். எத்தனை வயதுப் பிள்ளை?

ரபீக்கா


தோஹா
5.5.2006

ரபீக்காவுக்கு,

பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்ற கதை எனக்குப் பிடிக்கவில்லை. அது யார் சொல்லித் தந்த கதை என்றும் தெரியும்.

லூர்தெஸுக்கு முப்பது வயதிருக்கும். நான் கேட்கவில்லை. அவள் சொல்கிறாள், உபுண்டுவெல்லாம் படித்தவர்களுக்கு, வீட்டுப் பெண்களுக்கு வேறொன்று இருக்கிறதாம். பார்த்தால் பழைய விண்டோஸ் போலவே இருக்கும். நீலத் திரை. தொடங்கும் பொத்தான் அதே இடது மூலையில். கை பழகிய இடத்தில் எல்லாம் இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் லேசு, உன் மனைவிக்கு இதையே கொடு என்றாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் பழக்குகிறாள். வெள்ளிக்கிழமைகளில் ஒஃபிஸ் மூடியிருந்தாலும் வந்து சொல்லித் தருகிறாள். லூர்தெஸ் சொல்வதைப் பார்த்தால் நான் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறேனாம். ஸ்டோர்கீப்பராக இருக்கவேண்டிய ஆள் இல்லையாம்.

அவள் எழுதித் தந்த சீடியை அறையில் என்னோடு இருக்கிற ஸெய்னுதீனிடம் கொடுத்திருக்கிறேன். அவன் லீவில் வருகிறான். அதை மட்டும் போடு. மஹ்ரூபின் சீடியை அவனிடமே திருப்பிக் கொடு. என் கம்பியூட்டருக்குள் அவன் தந்தது எதுவும் இருக்கக்கூடாது.

நீயே போடு. முடியாவிட்டால் ஸெய்னுதீனைக் கேள். அவனுக்குத் தெரியாவிட்டால் அப்படியே கிடக்கட்டும்.

அஸீம்


மூதூர்
18.6.2006

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸெய்னுதீன் வந்து சீடி தந்தார், றுக்கியாவுக்கு நீங்கள் அனுப்பிய சட்டையும் தந்தார். நான் கேட்காமலே தோஹாக் கதையெல்லாம் சொன்னார். "அஸீமுக்கென்ன தங்கச்சி, பிலிப்பைன்ஸ்காரி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மீன் பொரிச்சுச் சோறு கட்டிக் கொண்டு வாறா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போனபிறகு அந்தச் சட்டையை மடித்து அலுமாரியில் வைக்கும்போது, இதைத் தெரிந்தெடுத்தது யார் என்ற எண்ணம் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல நிறத்தை நீங்கள் ஒருநாளும் தெரிந்தெடுத்ததில்லை.

இனிச் சீடிக் கதை.

அவள் தந்ததைப் போட்டேன். நீலத் திரை வந்தது, பொத்தானும் அதே மூலையில் வந்தது. அழகுதான். திரையில் இரண்டு பெட்டி திறந்ததும் அப்படியே உறைந்துவிட்டது. மவுஸ் அசையவில்லை. மூன்று நாள் மாறி மாறிப் பார்த்தேன், மூன்று நாளும் அதேதான். மஹ்ரூப் நானாவின் உபுண்டு ஆமை, லூர்தெஸின் நீலம் கல். அவளில் பிழை இல்லை. அவள் தன்னுடைய ஒஃபிஸ் கம்பியூட்டரைப் பார்த்துச் சொன்னாள். நானா தன்னுடைய வகுப்புக் கம்பியூட்டரைப் பார்த்துச் சொன்னார். என்னுடைய மேசையில் இருக்கிற கிழட்டுப் பெட்டியைப் பார்த்து ஒருத்தரும் சொல்லவில்லை.

இரண்டு பேரும் எனக்கு எது லேசு என்று சண்டை பிடிக்கிறீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பொத்தான் எந்த மூலையில் இருந்தால் எனக்கென்ன? ஒரு வாரத்தில் கை பழகிவிடும். எனக்கு லேசு என்றால், தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வராமல் எழுத்தாக வரவேண்டும், பிரின்டர் கடதாசியை இழுக்கவேண்டும், ஆள் காத்துக்கொண்டு நிற்கும்போது பெட்டி உறையக்கூடாது. இவ்வளவுதான்.

வியாழக்கிழமை லோஞ்சில் டவுனுக்குப் போனேன். உம்மாவிடம் றுக்கியாவை விட்டுவிட்டுத் தனியாக. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சொல்லித் தர ஒருத்தரும் இல்லை. இங்கிலீஸ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். எங்கேயோ ஒரு நாட்டில் என்னைப் போலவே பழைய பெட்டி வைத்திருக்கிற ஒருவன் கேட்டிருந்தான். அதற்கு இன்னொருவன் பதில் எழுதியிருந்தான். உபுண்டுவிலேயே மெலிந்த ஒன்று இந்த மாதம் வந்திருக்கிறதாம். எக்ஸ் எழுத்தில் தொடங்கும், சுபுண்டு என்று சொல்லவேண்டுமாம். குறைந்த மெமரிப் பெட்டிக்கென்றே செய்தது. தமிழும் வருமாம். எனக்கு ஏற்றது அதுதான் என்று நான் தெரிந்தெடுத்துவிட்டேன். லோஞ்சில் திரும்பி வரும்போது மாலைக் காற்று. ஒரு பெரிய மனிசியைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அதை இங்கே இறக்க ஏலாது. டவுன் இணைப்பில் ஒரு மாதம் எடுக்கும். உங்கள் பக்கம் வேகமான இணைப்பு இருக்கிறதே, இறக்கி ஒரு சீடியில் எழுதி அனுப்புங்கள். நீங்களே அனுப்பினால் சந்தோசம்.

ரபீக்கா


தோஹா
3.7.2006

ரபீக்கா,

தனியாக டவுனுக்குப் போனேன் என்று எழுதியிருக்கிறாய். ராத்தா சொன்னதை இப்போது கேள். நீ லோஞ்சால் இறங்கி வரும்போது படகுத்துறை ஜெட்டியில் மஹ்ரூப் நின்றானாம். நீயும் அவனும் கடைத்தெருப் பக்கம் கதைத்துக்கொண்டு வந்தீர்களாம். உன்னுடைய பை அவனுடைய கையில் இருந்ததாம்.

உன் கடிதத்தில் லோஞ்ச் இருக்கிறது, காற்று இருக்கிறது, அகராதி இருக்கிறது. அவன் இல்லை. ஏன் இல்லை?

இங்கே என்னோடு அறையில் படுக்கிறவர்களுக்கு நான் உன்னுடைய கெட்டித்தனத்தைச் சொல்லித் திரிந்தேன். என்னுடைய மனைவி தானே படித்துக் கம்பியூட்டர் தெரிந்தெடுத்தாள் என்று. இனி என்ன முகத்தோடு சொல்ல?

நான் சீடி அனுப்பமாட்டேன். அந்தப் பெட்டியை விற்றுவிடு. கடையைப் பூட்டு. கம்பியூட்டர் வேண்டுமா நான் வேண்டுமா என்று நீயே தெரிந்தெடு. தெரிந்தெடுக்கத்தான் நீ இப்போது நன்றாகப் பழகிவிட்டாயே.

அதுவரை எனக்குக் கடிதம் வேண்டாம்.

அஸீம்


மூதூர்
22.7.2006

உங்களுக்கு,

வேண்டாம் என்று எழுதியபடியால் இது கடிதம் இல்லை, பதில்.

ஜெட்டியில் அவர் நின்றது உண்மை. டவுனுக்குப் போகும் லோஞ்சுக்குக் காத்திருந்தார். என்னைக் கண்டதும் பையை வாங்கிக்கொண்டு முச்சந்தி வரை வந்தார். நான் எழுதாதது, எழுதினால் நீங்கள் இப்படி எழுதுவீர்கள் என்று தெரிந்தபடியால். எழுதாமலும் எழுதிவிட்டீர்கள்.

போன வாரம் அவர் வந்தபோது வாசலில் வைத்தே சொன்னேன். "இனி வராதீங்க நானா. அவருக்குச் சரியில்ல." ஏன் என்று கேட்கவில்லை. "சரி புள்ள" என்றார். உம்மாவுக்குச் சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். உம்மா அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

கடையைப் பூட்டிவிட்டேன். பெட்டியை விற்கவில்லை. அது நீங்கள் மடியில் வைத்துக் கொண்டுவந்தது என்று எழுதியிருந்தீர்கள். நீங்களே வந்து விற்றுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைச் சோற்றைப் பற்றி நான் எழுதியதற்கு நீங்கள் ஒரு வரி பதில் எழுதவில்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இங்கே நிலைமை சரியில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று வயல்காரர் கூடிக் கூடிக் கதைக்கிறார்கள். ஆமி நிறைய வந்திறங்குகிறது. இரண்டு நாளாகச் சம்பூர்ப் பக்கம் வெடிச்சத்தம் கேட்கிறது.

ரபீக்கா


தோஹா
9.8.2006

ரபீக்கா,

இது உனக்குக் கிடைக்குமா என்று தெரியாது. நீ எங்கே என்றும் தெரியாது. மூதூர் விலாசத்துக்கு எழுதினால் அங்கே வாங்க ஆள் இல்லை என்கிறார்கள். ஆகவே மஹ்ரூபின் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். வேறு விலாசம் என்னிடம் இல்லை. உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

டிவியில் ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை என்று மூதூரின் பெயரைக் கேட்டதும் கையிலிருந்த தேத்தண்ணீரை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று தெரியவில்லை. ராத்தாவின் போன் வேலை செய்யவில்லை. பக்கத்து வீடு, பள்ளிவாசல், தாஹிர் முதலாளி, எனக்குத் தெரிந்த எந்த நம்பரும் அடிக்கவில்லை. நாலு நாள். சனம் முழுக்க நடந்து கந்தளாய்க்குப் போகிறதாம், வழியில் செல் குண்டு விழுந்ததாம், ஆட்களை மறித்தார்களாம் என்று ஒவ்வொருத்தன் ஒவ்வொன்று சொன்னான். நான் உனக்குக் கடைசியாக எழுதிய கடிதம் என்ன கடிதம் என்பது எனக்குத் தெரியும். அது உன் கையில் இருக்கும்போதே செல் விழுந்ததா என்று நினைத்து நினைத்து அதே நம்பர்களைத் திரும்பத் திரும்ப அடித்தேன்.

ஐந்தாம் நாள் கிண்ணியாவுக்கு அடித்தேன். மஹ்ரூபின் நம்பரை லீவால் திரும்பிய ஸெய்னுதீனிடம் வாங்கினேன். அவன்தான் எடுத்தான். ஹலோ என்று மட்டும் சொன்னேன்.

"ஆரு? அஸீம் நானாவா?" என்று அவனே கேட்டான்.

"ரபீக்காவத் தேடு மஹ்ரூப்," என்றேன். "அவளயும் புள்ளயயும் தேடு."

அவன் அங்கே யாரிடமோ மோட்டார்சைக்கிள் சாவி கேட்டான். பிறகு, "நீங்க வராதே எண்டு சொல்லாட்டி, அண்டைக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்திருப்பன் நானா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இப்பயே வெளிக்கிடுறன்" என்று வைத்துவிட்டான்.

ரபீக்கா, உண்மையை எழுதுகிறேன். போனை வைத்தபிறகு அல்லாஹ்வே, அவள் உயிரோடு கிடைக்கவேண்டும் என்று கேட்டேன். அந்த வாயாலேயே, எனக்கு முன்னால் அவன் உன்னைப் பார்க்கப்போகிறானே என்றும் நினைத்தேன். நீ அவனைக் கண்டதும் அழுவாய். அவன் தேற்றுவான். நான் இங்கே ஸ்டோரில் ஆணி எண்ணிக்கொண்டு இருப்பேன். இப்படியும் ஒரு மனிசன் இருப்பானா என்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் நினைப்பு போகவில்லை.

ஒரு வரி எழுது. சுகம் என்று மட்டும் எழுது.

அஸீம்


கந்தளாய்
19.8.2006

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். நான் சுகம், றுக்கியா சுகம், உம்மாவுக்குக் கால் வீக்கம், மற்றபடி சுகம். மதினியும் பிள்ளைகளும் இந்தப் பள்ளிக்கூட முகாமில் எங்களோடு ஒரே வகுப்பறையில் இருக்கிறார்கள். கடிதம் உறை உடைக்காமல் வந்து சேர்ந்தது. அதை நீங்கள் முதலில் கேட்பீர்கள் என்று தெரியும்.

செல் விழத் தொடங்கியதும் பள்ளிவாசலுக்கு ஓடினோம். இரண்டு நாள் அங்கே. எங்களுக்குப் பின்வளவில் ஒன்று விழுந்தது. ஆட்கள் செத்தார்கள் மச்சான், அதை நான் எழுதப்போவதில்லை, வந்து கேளுங்கள். பிறகு எல்லாரும் வெளிக்கிட்டோம். உம்மாவை ஒரு கைவண்டியில் உட்காரவைத்து மதினியின் மகன் தள்ளினான். றுக்கியாவை நான் தூக்கினேன். வெயில். தண்ணீர் இல்லை. வழியில் நிறுத்தினார்கள், பிறகு விட்டார்கள், பிறகும் நிறுத்தினார்கள். பக்கத்தில் நடந்தவர்கள் பிந்திப்போய்விடுவார்கள், திரும்பிப் பார்க்கப் பயம்.

நீங்கள் உங்களுடைய அருவருப்பை எழுதினீர்களே, என்னுடையதையும் கேளுங்கள். அந்த வெயிலில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கலிமாச் சொல்லிக்கொண்டு நடக்கும்போது எனக்கு வந்த நினைப்பு என்ன தெரியுமா? நான் இங்கே செத்துக் கிடந்தால், இந்த வெள்ளிக்கிழமையும் அவள் உங்களுக்கு மீன் பொரித்துக்கொண்டு வருவாள் என்ற நினைப்புத்தான். அந்தக் கோபத்தில் நான் விரைவாக நடந்தேன். உம்மா பின்னாலிருந்து, "எங்க புள்ள இப்புடி ஓடுற?" என்று கேட்டா. நான் என்ன சொல்ல?

மஹ்ரூப் நானா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக எங்கள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நீங்கள் நினைத்தபடி நான் அழவில்லை. மதினிதான் அழுதா. உங்களுக்குப் போனில் கதை சொன்ன அதே மதினி, "தம்பி, கொஞ்சம் தண்ணி கொண்டாந்தயா?" என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் தண்ணீரும் பிஸ்கட்டும் உம்மாவுக்கு மருந்தும் உடுப்பும் கொண்டுவந்திருந்தார். என்னிடம் வந்து, "அஸீம் நானா போன்ல அழுதாரு புள்ள" என்று மட்டும் சொன்னார். நீங்கள் அதை எழுதவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும்.

அதைக் கேட்டபிறகுதான் நான் அழுதேன். அவருக்கு முன்னால்தான். ஆனால் உங்களுக்காக.

கம்பியூட்டரை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். கதவைப் பூட்டினேனா என்பதும் நினைவில்லை.

அந்தச் சோற்றுக்கு இன்னும் பதில் வரவில்லை.

ரபீக்கா


தோஹா
2.9.2006

அன்பின் ரபீக்காவுக்கு,

உன்னுடைய கையெழுத்தைக் கண்டதும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு அறையில் இருந்த எல்லாருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

சோற்றுக்குப் பதில். லூர்தெஸ் மீன் பொரித்துக்கொண்டு வருவது உண்மை. ஸ்டோரில் வெள்ளிக்கிழமை வேலை செய்கிற எல்லாருக்கும் வரும், அதற்கு நாங்கள் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். அவளுக்கு ஊரில் இரண்டு பையன்கள், பள்ளிக்கூடச் செலவுக்கு அவள் இப்படிச் சோறு விற்கிறாள். இதை உனக்கு அப்போதே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீ மஹ்ரூபைப் பற்றி எழுத எழுத, உனக்கும் கொஞ்சம் குத்தட்டும் என்று விட்டுவிட்டேன். சட்டையின் நிறத்தை மட்டும் அவள் சொன்னாள். அதை மறைக்க ஏலாது.

ஊருக்குச் சனம் திரும்பத் தொடங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். நீ கேட்ட சீடியை இறக்கிவிட்டேன். ஒஃபிசில் இல்லை. லூர்தெஸைக் கேட்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஒரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து நானே இறக்கினேன். முதல் இரண்டு சீடியைக் கெடுத்தேன். மூன்றாவது சரி. மேலே பேனையால் சுபுண்டு என்று தமிழில் எழுதியிருக்கிறேன். கடைக்காரன் என்ன பாஷை என்று கேட்டான்.

பெட்டி இருந்தால் போடு. இல்லாவிட்டால் சீடியை வைத்துக்கொள், பெட்டி நான் வாங்கித் தருகிறேன். பெட்டியை விற்கச் சொன்னதை மறந்துவிடு.

மஹ்ரூபுக்கு நான் போன் எடுத்து நன்றி சொன்னேன். அதைச் சொல்லி முடிக்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அஸீம்


மூதூர்
8.10.2006

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டுக்கு வந்துவிட்டோம். கூரை ஒரு பக்கம் இல்லை. முன்னறையில் ஓடெல்லாம் விழுந்து கிடந்தது. கம்பியூட்டரின் திரை உடைந்துவிட்டது. பெட்டி மேசைக்குக் கீழே இருந்தபடியால் ஓட்டுத் தூளோடு அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்து சேர் ஒரு பழைய திரையைத் தந்தார், அந்த வைரஸ் கொண்டுவந்தவர்தான். கரன்ட் வந்ததும் அழுத்திப் பார்த்தேன். ஓடியது. உம்மா குசினியிலிருந்து ஓடிவந்து அல்ஹம்துலில்லாஹ் என்றா.

உங்கள் சீடி வந்த அடுத்த நாள் மஹ்ரூப் நானா வந்தார், உம்மாவின் காலைப் பார்க்க. சீடியைக் கண்டுவிட்டு வாசலில் நின்றபடியே, "நான் போட்டுத் தரட்டா புள்ள?" என்று கேட்டார்.

"வேணா நானா. நானே போடுறன்."

சரி என்று தலையாட்டினார். போகத் திரும்பியவர் மோட்டார்சைக்கிளில் ஏறாமல் நான் சீடியை எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தை அப்போது பார்த்தேன் மச்சான். உங்களுடைய பொறாமை முழுக்கப் பிழை என்று இனி எழுதமாட்டேன். அவருடைய மனதில் ஏதோ இருந்திருக்கிறது. என் மனதில் இருக்கவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் நீங்கள் சொன்னதும் வெளிக்கிட்டு எங்களைத் தேடிவந்தார். அவருக்கு ஒரு நல்ல பெண் பார்க்கச் சொல்லி மாமிக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் துஆச் செய்யுங்கள். உங்களுக்கு அது கஷ்டமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

பிறகு கதவைத் திறந்து வைத்துவிட்டு நானே போட்டேன். கேள்வி கேட்டுக் கேட்டு வந்தது, ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேட்டபோது அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். கல்யாணக் கார்ட் எல்லாம் முன்பே போய்விட்டது, இனி அழிய என்ன இருக்கிறது என்று ஓம் கொடுத்தேன். முடிந்ததும் நரை நிறத்தில் ஒரு திரை வந்தது. பெரிய அழகில்லை. ஆனால் உறையவில்லை, ஆமையும் இல்லை. தமிழ் எழுத்தாக வந்தது. பிரின்டர் முதலில் முரண்டு பிடித்தது, மூன்றாம் நாள் இழுத்தது.

காலையிலிருந்து வாசலில் சனம். அடையாள அட்டை தொலைந்தவர்கள், வீடு உடைந்தவர்கள், மகனைத் தேடுகிறவர்கள். எல்லாருக்கும் ஒரு கடிதம் அடிக்கவேண்டும். அடித்துக்கொண்டே இருக்கிறேன். மதினி வரிசையைப் பார்த்துக்கொள்கிறா. யார் எப்போது வந்தார்கள் என்பதில் அவவைப் பிழை சொல்ல ஏலாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சீடி போடும்போது, இந்தக் கம்பியூட்டர் யாருடையது, பெயரைச் சொல் என்று கேட்டது. உங்களுடைய பெயரை எழுதத் தொடங்கினேன். பாதியில் அழித்துவிட்டு என்னுடைய பெயரை எழுதினேன். கோபிக்கவேண்டாம். இன்னொருத்தருக்கும் உள்ளே இடம் வைக்கலாம் என்றிருந்தது. அதில் உங்களுடைய பெயரைப் போட்டிருக்கிறேன். வேறு யாருக்கும் இடம் வைக்கவில்லை. அதைத் திறக்கிற ரகசியச் சொல்லையும் நானே வைத்திருக்கிறேன். அதைக் கடிதத்தில் எழுதமாட்டேன், போனிலும் சொல்லமாட்டேன், பக்கத்தில் மதினி நிற்பா.

வந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
ரபீக்கா